மரங்கொத்தியின் இறக்கை

நாற்காலிக் கால் இறக்கைக்குள் இறங்கிய சத்தம் தம்பிக்கு மட்டும்தான் கேட்டது. கூடம் முழுக்க அழுகை. நடுவில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். சுவரோரம் வைத்திருந்த, அவள் கட்டிய ரிமோட் விமானத்தின் மேல்தான் பக்கத்து வீட்டம்மா நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள்.

"ஐயோ, ஏதோ பொம்மைன்னு நெனச்சேன் தம்பி."

"பரவாயில்லம்மா, நீங்க உக்காருங்க."

அவன் அதைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு அக்காவின் வேலை அறைக்குப் போனான். பின்னாலேயே மாமா வந்தார். அக்காவின் கணவர், பேருந்து ஓட்டுபவர். விமானத்தில் எது முன், எது பின் என்பதற்கு மேல் தெரிந்துகொள்ள ஆசைப்படாதவர்.

"போச்சா?"

"பிரிச்சுப் பாக்கணும் மாமா."

"எப்படியாவது சரி பண்ணுடா. கட்டி முடிச்சிட்டா, ஆனா பறக்கவிட அவ உடம்பு விடல. அவளை எடுக்கறதுக்கு முன்னால ஒரு தடவையாவது இது மேல போகணும். நீதான் விடணும்னு சொன்னா."

"என் பேரைச் சொன்னாளா?"

"பேரா? 'அந்த பிளாஸ்டிக் வரட்டும்'னா."

அவனுக்குச் சிரிப்பு வந்தது; வந்த வழியே திரும்பிப் போனது.

ரிமோட் விமானம் என்றால் அக்கா, தம்பி இரண்டு பேருக்குமே பைத்தியம்தான். பைத்தியத்தில்தான் இரண்டு ஜாதி. அவன் ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் வேலை செய்பவன். அதே கைப்பழக்கத்தில் அச்சுக்குள் கார்பன் துணியை விரித்து, பிசின் தடவி, காற்றை உறிஞ்சியெடுத்து, கண்ணாடிபோல் வழவழப்பான விமானங்களை வார்ப்பான். அக்கா பல்செட் செய்யும் கூடத்தில் இருந்தவள். பால்சா என்று ஒரு மரம், ஊதினால் நகரும் அளவுக்கு லேசானது. அதை பிளேடால் சீவி, விலா விலாவாக ஒட்டி, மேலே மெல்லிய படலத்தைப் போர்த்தி இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டுவாள். படலம் சுருங்கி மேளத்தோல்போல் விறைத்துக்கொள்ளும். அவளுக்கு அவன் பிளாஸ்டிக். அவனுக்கு அவள் மரங்கொத்தி.

"உன் கட்டையைக் காத்து வளைக்குது பாரு" என்பான்.

"வளையட்டும். என்னுது உடைஞ்சாலும் இங்கதான் உடைஞ்சேன்னு காட்டிடும், ஒட்டிக்கலாம். உன்னுது உள்ள பிரிஞ்சுபோனாலும் வெளியே பளபளன்னு பல்லைக் காட்டும். அது கிடக்கட்டும், நீ எங்கடா பறக்க விடறே? ரிமோட்டுக் குச்சியை விடாமப் புடிச்சு இழுத்துக்கிட்டேல்ல இருக்கே."

பல்லைக் காட்டும் என்பது உண்மைதான். அதனால்தான் அவன் தன் இறக்கைகளை நாணயத்தால் தட்டிப் பார்ப்பான். நல்ல இடம் 'டிங்' என்னும். உள்ளே பிரிந்த இடம் 'டொப்' என்னும். ஆஸ்பத்திரியில் படுத்தபடியே அக்கா சொன்னாள்: "டாக்டரும் உன் ஜாதிதான்டா. முதுகைத் தட்டித் தட்டிப் பாக்கறாரு." என்னவென்று கேட்டதற்கு, "வெறும் சளி" என்று பல்லைக் காட்டிச் சிரித்தாள்.

இப்போது அவனைப் பயம் பிடித்தது. தெம்பில்லாத கைகளால் கட்டியது. இத்தனை பேர் பார்க்க நடுவானில் இறக்கை மடிந்தால்? அவன் பையில் ஒரு கார்பன் பட்டை இருந்தது. உள்ளே ஒட்டிவிட்டால் நிம்மதி. யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்கும்.

கிழிந்த படலத்தை மெல்ல உரித்தான். ஒரே ஒரு விலாதான் ஒடிந்திருந்தது. வெளிச்சத்துக்குத் திருப்பினான். கை அப்படியே நின்றது.

இறக்கையின் நீளத்துக்கும் ஓடும் முதுகெலும்பில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கருப்புப் பட்டைகள். கார்பன்.

பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும். மேல்புறம் நசுங்கும், கீழ்ப்புறம் இழுபடும். சரியாக அந்த இரண்டு இடத்தில் மட்டும் கார்பன் வைத்திருந்தாள். இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று நழுவாதிருக்க, நடுவே பால்சாத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் இழை செங்குத்தாக நின்றது. நுனியில் பாரம் குறைவு என்பதால், அங்கே போகப் போகப் பட்டையைக் குறுக்கியிருந்தாள். ஒரு துளி பசை அதிகமில்லை. பல்லுக்குப் பல் பொருத்திய கை.

பட்டையின் ஓரத்தில் சிவப்பு மசிக் கோடு ஒன்று தெரிந்தது. அவன் போட்ட கோடு. போன வருடம் தரையில் குத்திச் சிதறிய அவனுடைய கிளைடர் விமானத்தின் மிச்சம்.

"மாமா, இது எப்படி இவகிட்ட?"

"அந்தக் கருப்புக் குச்சியா? உன் வீட்டுக் குப்பையிலேர்ந்து பொறுக்கிட்டு வந்தா. 'அவன்கிட்ட மூச்சு விடாதீங்க, தெரிஞ்சா தலைமேல ஏறி உக்காந்துக்குவான்'னா."

தம்பி தன் பையை மூடினான். இழுப்பறையில் அவள் மிச்சம் வைத்திருந்த பால்சாவை எடுத்து, இழை பார்த்து ஒரு விலா சீவினான். கோணலாக வந்தது. அதைத் தூர எறிந்துவிட்டு இன்னொன்று சீவினான்.

வண்டி வாசலுக்கு வந்தது. அக்காவை ஏற்றினார்கள். "ஒரு நிமிஷம் இருப்பா" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு மாமா எதிரே இருந்த மைதானத்துக்கு வந்தார். விமானத்தை ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஒரு கை போதும் மாமா. காத்துக்கு எதிரா, நேரா வீசுங்க. மேல தூக்கிடாதீங்க."

"விழுந்துச்சுன்னா என்னைத் திட்டாதே."

வீசினார். விமானம் ஒரு கணம் தாழ்ந்தது. தம்பி ரிமோட்டின் குச்சியை இழுத்தான். இறக்கை முனைகள் மேலே வளைந்தன, வளைந்தபடியே நின்றன, விமானம் ஏறியது. மாமா வானத்தைப் பார்த்தபடி வீசிய கையைக் கீழே இறக்க மறந்து நின்றார்.

அது வெயிலுக்குக் குறுக்கே வந்தபோது, படலத்துக்குள் விலாக்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"உள்ள நடுவுல கருப்பா என்னமோ ஓடுதே தம்பி," என்றாள் பின்னால் வந்து நின்ற பக்கத்து வீட்டம்மா. "என்னால வந்த விரிசலா?"

"இல்லம்மா."

அவன் இரண்டு பெருவிரல்களையும் குச்சிகளிலிருந்து எடுத்தான். விமானம் லேசாகச் சாய்ந்து, வண்டிக்கு மேலாகத் தன்பாட்டில் வட்டமிட்டுக்கொண்டிருந்தது.