தேசப்பன் வண்டியின் கீச்சுச் சத்தம்

தேசப்பனின் டாக்சி கல்மண்டபம் முனையில் வந்து நின்றபோது, டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டார்கள். எதிரே தகரக் கொட்டகைப் பட்டறையில் நின்றிருந்த மெக்கானிக் அத்தாவுல்லா அந்த முகங்களைத்தான் பார்த்தார். வண்டி ஏதோ சத்தம் போட்டிருக்கிறது என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டார்.

“கேட்டியா பாய்? பிரேக்கை மிதிச்சா பின்னாடி கீச்சு கீச்சுன்னு ஒரே ரோதனையா கீது. சவாரி ஏறுறவன்லாம் பல்லைக் கடிச்சிக்கினு வர்றான்” என்றான் தேசப்பன்.

“கேட்டேன், கேட்டேன்” என்றார் அத்தாவுல்லா.

கேட்கவில்லை. இளவயதில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில், பாய்லருக்குள் இறங்கிச் சுத்தியலால் துரு தட்டும் வேலை பார்த்தவர் அவர். இரும்புக்குள் உட்கார்ந்து இரும்பை அடித்த அந்தச் சத்தம் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஆண்களின் தடித்த குரலும் லாரியின் உறுமலும் எப்படியோ எட்டும். சைக்கிள் மணி, குருவிச் சத்தம், கீச்சென்று மேலே எழும் எதுவும் அவருக்குக் கிடையாது.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கப்பல் பட்டறையில் பரசுராமன் என்று ஒருவர் இருந்தார். அவருக்குக் காது போய்விட்டது என்று தெரிந்த நாள் முதல் ஆளாளுக்கு ‘டமாரம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் நின்று தகர டப்பாவைத் தட்டிச் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்வதற்குள் வேலையும் போய்விட்டது. தலையைக் குனிந்தபடி அவர் வெளியே போனதைப் பார்த்த அத்தாவுல்லா, அன்றே வாயைப் பூட்டிக்கொண்டார்.

இப்போது எந்தப் பக்கத்துச் சக்கரம் கத்துகிறது என்று தேசப்பனைக் கேட்கலாம். “ஏன், ஒனக்குக் கேக்கலியா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டால்? கேட்காமல், தோன்றியபடி வலது பின்சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் டிரம்முக்குள் கறுப்புப் புழுதி அடைந்துகிடந்தது. துடைத்துச் சுத்தம் செய்து மாட்டினார். இருவரும் ராயபுரம் ரயில் நிலையம் வரை ஓட்டிப் பார்த்தார்கள்.

“சுத்தமா நின்னுபூச்சு பார்” என்றார்.

தேசப்பன் தலையைச் சொறிந்தான். “எனக்கு இன்னும் லேசா கேக்குற மாரி கீதே...”

“கொஞ்சம் புழுதி நைனா. ஓட ஓட சரியாப்பூடும்.”

“நீ சொன்னா சரி பாய்” என்று சிரித்துக்கொண்டே போனான் அவன்.

அந்த வாரக் கடைசியிலேயே அது நடந்தது. ரயில் பாலத்து இறக்கத்தில் தேசப்பன் பிரேக்கை மிதித்ததும் இடது பின்சக்கரம் சட்டென்று இறுகிக்கொண்டது. வண்டி பக்கவாட்டில் இழுத்து, ஓரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த மங்கம்மாவின் கூடையை நசுக்கி நின்றது. அவள் பதறி உருண்டதில் முழங்கால் கிழிந்ததோடு போயிற்று. ஒரு முழம் தள்ளி வந்திருந்தால் பிணத்தைத்தான் எடுத்திருப்பார்கள்.

செய்தி தெரிந்து அத்தாவுல்லா ஓடிப் போனபோது கும்பல் தேசப்பனின் சட்டையைப் பிடித்திருந்தது.

“கள்ளச்சாராயம் போட்டுட்டு ஓட்டுறான்!” என்றது ஒரு குரல்.

“வண்டி கோளாறா இன்னாடா?” என்று இன்னொருவர் உலுக்கினார்.

“வண்டில ஒண்ணும் இல்ல நைனா” என்றான் தேசப்பன். உதட்டில் ரத்தம். “பாய் பார்த்துக் குடுத்த வண்டி. அவர் கை வச்சா தப்பு வராது. நான்தான் வேகமா வந்துட்டேன். என்னியே அடிங்க.”

அந்தச் சொற்கள் மட்டும் அத்தாவுல்லாவுக்குத் தெளிவாகக் கேட்டன. கும்பலை விலக்கிக்கொண்டு போய், மங்கம்மாவின் முழங்காலைத் தன் துண்டால் கட்டினார். பிறகு அங்கேயே இடது சக்கரத்தைக் கழற்றினார். டிரம்மைப் பிடிக்கும் பிரேக் கட்டையின் மேல் ரிவெட் அடித்துப் பொருத்தியிருந்த லைனிங் பட்டை தேய்ந்து, ஆணி விட்டுப் பெயர்ந்து, நடுவில் சிக்கிக் கிடந்தது. அத்தனை நாளும் கத்தியது அதுதான். ‘என்னைப் பார்’ என்று அது கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

“அவனை விடுங்க. தப்பு என்னுது. எடது பக்கத்தை நான் தெறந்தே பார்க்கல” என்றார். ஏன் பார்க்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நடந்ததை அதற்குள் கேள்விப்பட்டிருந்த மனைவி அஜீசுன்னிசா அவர் எதிரே வந்து உட்கார்ந்து, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தாள்.

“காது கேக்கலன்னு சொல்லியிருக்கலாம் இல்லீங்களா?”

அவர் திடுக்கிட்டார். “ஒனக்கு எப்டித் தெரியும்?”

“வளையல் சத்தத்துக்குத் திரும்புற மனுசன் திரும்பாமப் போனா பொண்டாட்டிக்குத் தெரியாதா? வருசக்கணக்கா உங்க மூஞ்சிக்கு நேரா வந்துதானே பேசிக்கினு கீறேன். நீங்களா சொல்லுவீங்கன்னு நானும் சும்மா இருந்துட்டேன். ரெண்டு பேருமா சேர்ந்து மூடி வச்சோம்.”

அத்தாவுல்லா அவள் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். தான் ஒருவனாகச் சுமந்ததாக நினைத்ததை அவளும் கூடவே சுமந்திருக்கிறாள் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் தேசப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தார். அவன் தலையில்தான் அடித்துக்கொண்டான்.

“இன்னா பாய் நீ! ‘எந்தப் பக்கம்டா’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ‘எடது பக்கம்’னு நான் சொல்லியிருப்பேனே. அவ்ளோதானே சமாச்சாரம்?”

இடது பக்கத்துக்குப் புது லைனிங் போட்டு, அதன் விளிம்பை அரத்தால் ராவினார். இந்த முறை ஓட்டிப் பார்க்கப் போனபோது அஜீசுன்னிசாவையும் கூப்பிட்டார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். சத்தம் வரும் பக்கத்துத் தோளைத் தொடுவதாகப் பேச்சு. கடற்கரைச் சாலையில் அவர் பிரேக்கை மிதிக்க, அவள் விரல் அவருடைய வலது தோளைத் தொட்டது. திரும்பி வந்து வலது பக்கத்தைப் பிரித்தார். கட்டை உரசும் இடங்கள் காய்ந்து கிடந்தன, ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. லைனிங்கில் படாமல் துளி கிரீஸ் தடவி, வேறு ஸ்பிரிங் மாட்டினார். மறுபடி ஓட்டியபோது விரல் எந்தத் தோளையும் தொடவில்லை. கண்ணாடியில் பார்த்தார். முக்காட்டுக்குள் அஜீசுன்னிசா சிரித்துக்கொண்டிருந்தாள்.

செய்தி டீக்கடைக்குப் பரவாமல் இருக்குமா? லாரி வைத்திருந்த லோகநாதன் பட்டறை வாசலில் நின்று, நாலு பேர் கேட்கும்படி, “டமாரச் செவிடன் கிட்டயா வண்டிய வுட்டே தேசப்பா?” என்று சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

தேசப்பன் எகிறினான். அத்தாவுல்லா அவனைப் பிடித்து நிறுத்திவிட்டு வெளியே வந்தார். இத்தனை வருடம் எதற்கு நடுங்கினாரோ அது இதோ முன்னால் நிற்கிறது. ஆனால் அவர் தலை குனியவில்லை.

“ஆமா நைனா, எனக்குக் காது கேக்காது. இனிமே வர்றவங்க எல்லார் கிட்டயும் சொல்லிட்டுத்தான் வண்டியத் தொடுவேன். காது போனது குத்தம் இல்ல. அது யாருக்கும் வரும். அதை மறைச்சேன் பாரு, அதான் குத்தம். அதால ஒரு பொம்பள உசுரு போவ இருந்துச்சு. ஆனா நான் ஏன் மறைச்சேன்? இதோ, இப்ப சிரிக்கிறீங்களே, இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான். குறை இருக்கிறவனப் பார்த்துச் சிரிக்கிறத நீங்க நிறுத்துங்க; மறைக்கிறத நாங்க நிறுத்திடுறோம்.”