ஒன்பதாவது வளைவில் அஞ்சம்மாள் டீக்கடை

என் வீட்டுக்காரர் ராபின் அதுவரை ஏறிய உயரமான இடம் கும்மிடிப்பூண்டி ரயில்வே ஸ்டேஷன் நடைமேம்பாலம்தான். ஆனால் 2008-ல் ஊட்டி மலைப்பாதையைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் பதில் சொன்னது அவர். சிப்காட்டில் ஒரு இரும்பு கம்பெனியில் லாரிகளுக்கு எடை போடும் வேலை. ஷிஃப்ட் முடிந்தால் நேராக பிரவுசிங் சென்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிறவர்களுக்கென்றே அப்போது ஒரு வெப்சைட் இருந்தது. என்ன வண்டி, எப்போது கிளம்புகிறோம் என்று தட்டினால் போதும். எங்கே நெரிசல், எங்கே இன்ஜினை ஆறவிடலாம், எங்கே சாப்பிடலாம் என்று ஒவ்வொரு வளைவுக்கும் கட்டம் போட்டுக் காட்டும். காலிக் கட்டங்களைப் போய் வந்தவர்கள் நிரப்பலாம். என் வீட்டுக்காரர் போகாமலேயே நிரப்பினார். நாலு பேர் எழுதியதைப் படித்துவிட்டு ஐந்தாவது ஆளாகத் தானும் எழுதுவார். "மலைராஜா" என்று பட்டப்பெயர் வேறு.

ஒன்பதாவது வளைவில் 'எங்கே சாப்பிடலாம்' கட்டம் மட்டும் காலியாகவே கிடந்தது. அது இவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே தட்டினார்: 'அஞ்சம்மாள் டீக்கடை. மிளகாய் பஜ்ஜி சூப்பர்.'

அஞ்சம்மாள் என் மாமியார். எளாவூர் செக்போஸ்ட்டில் காத்துக் கிடக்கிற லாரிக்காரர்களுக்குப் பஜ்ஜி சுட்டு விற்கிறவர்.

"யோவ், அங்க கடையே இல்லன்னா இன்னா பண்ணுவ?"

"கட இல்லாத வளைவு எங்கனா இருக்குமா மே? பேரு வேணா வேறயா இருக்கும்."

அடுத்த வாரமே ஒருவர் 'குடும்பத்தோடு சாப்பிட்டோம், அருமை' என்று எழுதியிருந்தார். இன்னொருவர், 'பஜ்ஜி ஓகே, சட்னி சுமார்.' இல்லாத கடையில் சட்னி சுமாராம்! நாங்கள் சிரித்த சிரிப்பில் சென்டர்காரர் பாக்கியராஜ் எங்களை எழுந்து வெளியே போகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சிரிப்பு அடுத்த கோடை வரை ஓடியது. பிறகு ஊட்டிக்குச் சவாரி போகவிருந்த ஒரு டிரைவர், அந்த வெப்சைட்டில் எடுத்த பிரிண்டை மாமியாரிடமே படித்துக் காட்டி, "இன்னாம்மா, மலை மேலயும் கட போட்டுட்டியா?" என்று கேட்டிருக்கிறார். மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"எவ அவ? எம்பேர மாட்டிக்கினு சட்னி சுமாருன்னு பேரு வாங்கிகினுகீறா! எஞ்சட்னிய இதுவரிக்கும் எவனாச்சும் ஒரு கொற சொல்லிகீறானா? நைனா, வண்டிக்குச் சொல்லு. நேர்ல போயி நாக்கப் புடுங்கறாப்ல நாலு கேக்கணும்."

'நான்தாம்மா எழுதினேன்' என்று அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் ஒரு கரண்டி அடியோடு போயிருக்கும். ஆனால் இவரால் முடியவில்லை. காரணம் எனக்குத் தெரியும். பஜ்ஜி வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் மாமியார் சொல்கிற ஒரே பெருமை அதுதான்: "எம்புள்ள வாயில பொய்யே வராது. அதான் அவன நம்பி எட போடுற வேலைய குடுத்துகீறாங்க." அந்தப் பெருமை மலையில் போய் உடையப் போகிறது.

நண்பர் பச்சையப்பனின் ஆம்னி வேனை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். அந்த வெப்சைட் போட்டுக் கொடுத்த பிளான் முன்கண்ணாடிக்குக் கீழே படபடத்துக்கொண்டு வந்தது. நல்ல சீசன். மேட்டுப்பாளையம் தாண்டியதும் காருக்குப் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் வேன். முதல் வளைவில் வண்டி திரும்பியதும் என் தலை கிறுகிறுத்தது. இரண்டாவதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கென்று தெரியாத சிரிப்பு. மாமியார் பின் சீட்டில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே ஒத்திகை பார்த்தார்.

"மொதல்ல பேரக் கேப்பேன். அப்பால எந்த ஊர்க்காரின்னு கேப்பேன். அப்பால வச்சிக்கிறேன்."

இதைக் கேட்டு நான் இன்னும் சிரித்தேன். வளைவுப் பலகை ஒவ்வொன்றாகக் கடக்கக் கடக்க என் வீட்டுக்காரருக்கு மட்டும் முகம் வெளுத்துக்கொண்டே போனது. எட்டாவது பலகை தெரிந்ததும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"யம்மா... ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு நைனா."

"அந்தக் கடைய..."

பின்னாலிருந்த பஸ் ஹார்னை அழுத்தியது. வளைவில் நிறுத்த முடியுமா? கியரைப் போட்டு ஏற்றினார். ஒன்பதாவது வளைவு திரும்பியது.

அங்கே ஒரு தகரக் கொட்டகை. வாசலில் வரிசையாகக் கார்கள். மேலே சிவப்பு பெயின்ட்டில் கொட்டை எழுத்து: அஞ்சம்மாள் டீக்கடை.

ஓரங்கட்டி நிறுத்தியவர் என்னையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் மாமியார் கதவைத் தள்ளி இறங்கிப் போய்விட்டார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

"யாரும்மா இங்க அஞ்சம்மா?"

அடுப்படியில் இருந்த பெண் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எம்பேரு கங்கம்மாங்க. நான் இங்க கேரட்டு வித்துட்டு இருந்தனுங்க. போன சீசன்ல இருந்து வர்ற காரெல்லாம் நின்னு, கையில ஒரு பேப்பர வெச்சுட்டு, அஞ்சம்மா கடை எங்கே, அஞ்சம்மா கடை எங்கேன்னு ஒரே தொந்தரவு. எத்தன பேருக்குத்தான் இல்லைன்னு சொல்றது? அடுப்ப வெச்சு போர்டையும் மாட்டிட்டேன். எவனோ மலைராஜாவாம், கம்ப்யூட்டர்ல எழுதிட்டானாம். அவன் நல்லா இருக்கட்டுமுங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாமியார் திரும்பி மகனைப் பார்த்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாந்தாம்மா. கட்டம் காலியா இருந்துச்சி. சும்மா ஒம்பேரப் போட்டேன்."

மாமியார் வாசலுக்கு வந்தார். போர்டை அண்ணாந்து பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்தான், ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சட்னிச் சட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"சுமாரேதான்," என்றார்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "பொட்டுக்கடல எங்க வச்சிக்கீற? இன்னும் ரெண்டு பச்சமொளகா எடு. தள்ளு, தள்ளு. எம்புள்ள எழுதனது பொய்யாவக் கூடாது."

கங்கம்மா சிரித்துக்கொண்டே அம்மியை விட்டு நகர்ந்தார். என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சியபடி மிளகாயைக் கிள்ளிக் கொடுத்தார். நான் டம்ளர் கழுவினேன். ஊட்டியை நாங்கள் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் ஒரு கார்க்காரர் கையில் பிரிண்டோடு இறங்கி வந்து, "இங்க அஞ்சம்மாங்கறது யாருங்க?" என்று கேட்டார்.

மாமியார் கரண்டியைத் தூக்கிக் காட்டினார். "நாந்தான். இன்னா வோணும்?"