உப்புப் பூக்காத கார்

கூட்டத்துக்கு வந்தவர்கள்: வீட்டுக்காரர் நேசக்குமார், கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில். மாடியில் குடியிருக்கும் முத்துச்செல்வம், தன் பைக்கின் மேல். கீழ்ப் பகுதியில் குடியிருக்கும் நான், கவிழ்த்துப் போட்ட வாளியில். பிள்ளை பெற்று வந்திருந்த என் மகள் ஜெபசுதா உள்ளே கட்டிலில் இருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

பெரிய குழாய் உடைந்து, தெருவில் நல்ல தண்ணீர் நூலாகத்தான் வந்தது. வீட்டுக்கு இரண்டு குடம் குடிக்க, சமைக்க. மற்றதற்கெல்லாம் உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் என்று நேசக்குமார் சட்டம் போட்டார். அத்தோடு விடவில்லை.

"டீச்சர் வீட்லதான் பிள்ளைத்துணிய அலசி அலசித் தொட்டி காலி. மகள மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிருங்க. அங்கன தண்ணி கிடக்கும்லா."

முத்துச்செல்வம் சிரித்தான். பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்போடு அனுப்பச் சொன்ன வாயை நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஜெபசுதா அன்றிலிருந்து துணியைப் போர் தண்ணீரிலேயே அலசினாள். சோப்பு நுரைக்கவில்லை. பிள்ளையின் தொடை சிவந்து தடித்தது.

ஞாயிறு காலை, கோவிலுக்குப் புறப்பட நேசக்குமாரின் கறுப்புக் கார் கழுவிக் காய்ந்து நின்றது. எங்கள் ஊர் போர் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் கார் உப்புப் பூத்து வெளுத்துவிடும். இதில் முகம் பார்க்கலாம்.

"கார் பளபளன்னு இருக்கே, அண்ணாச்சி?"

"போர் தண்ணிதான் டீச்சர். கைப்பக்குவம் அப்படி."

அவர் போனதும் ஷெட்டுக்குப் பின்னால் போனேன். சாக்கு மூடியபடி ஒரு மோட்டார், தெருக்குழாயிலிருந்து நேராக அவருடைய தொட்டிக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. போனில் படம் எடுத்து, கடையில் பிரிண்ட் போட்டேன். மாநகராட்சி ஆணையருக்கு, பொருள், பார்வை எல்லாம் போட்டு முறையாக எழுதினேன்.

விஷயம் தெரிந்து முத்துச்செல்வம் ஓடி வந்தான். "லைன வெட்டிட்டா நமக்கும்லா தண்ணி கிடையாது?"

"நாங்க உப்புத் தண்ணிக்குப் பழகிட்டோம் தம்பி. அவுகளும் பழகட்டும்."

அவன்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் நேசக்குமார் இரண்டு குடம் நல்ல தண்ணீரோடு வாசலில் நின்றார்.

"பிள்ளைக்கு வச்சுக்கிடுங்க டீச்சர். ஏதோ வாய் தவறிட்டு."

"உள்ள கொண்டாந்து வைங்க அண்ணாச்சி."

வைத்தார். அந்தத் தண்ணீரிலேயே பேரனைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு, மகள் மடியில் கொடுத்தேன். பிறகு படத்தைக் கடிதத்தோடு மடித்து வைத்து, உறையைப் பசை தடவி ஒட்டி, தபால் ஆபீஸ் திறந்த கையோடு ஸ்பீடு போஸ்டில் சேர்த்தேன்.