கராஜுக்குள் ஒரு தீவு

ஆறடி உயர மரச்சிலையின் தலைமேல் வீசிய வேட்டி மூன்றாவது முறையும் நழுவிக் கீழே விழுந்தது. இராஜேஸ்வரி மடக்கு ஏணியில் இன்னொரு படி ஏறினாள். சிலைக்குக் கண்கள் பிதுங்கி, வாய் காதுவரை கிழிந்து, பல் முப்பத்திரண்டும் வெளியே தெரிந்தன. இன்னும் நாற்பது நிமிடத்தில் அவளுடைய கணவனின் உடல் இந்தக் கராஜுக்கு வந்து சேரும். அதற்குள் இந்தப் பிசாசின் வாயை மூடியாக வேண்டும்.

"அம்மா, நீங்கள் இறங்குங்கோ. நான் கட்டுறன்" என்றான் சுபாங்கன். அவன் ஞாயிற்றுக்கிழமை செய்தி கேட்டுச் சிட்னியிலிருந்து வந்திருந்த மகன்.

"இறுக்கிக் கட்டு. ஐயர் வந்து நிக்கேக்க அவிழ்ந்தா என்ர மானம் போகும்."

உடலை வீட்டின் முன்வாசலால் கொண்டுவர முடியாது என்பது நேற்றுத்தான் தெரிந்தது. சவச்சேவைக்காரர் வந்து அளந்து பார்த்துவிட்டு, நடைவழி வளைவில் பெட்டி திரும்பாது என்று கையை விரித்துவிட்டார். மல்கிரேவில் அந்தத் தெருவில் எல்லா வீட்டு நடைவழியும் அப்படித்தான். உருட்டுக் கதவும் அகன்ற தரையும் கராஜுக்குத்தான் உண்டு. கராஜுக்குள்ளோ சிவபாலனின் தீவு இருந்தது.

தீவு என்று சொன்னது சிவபாலன். இராஜேஸ்வரி சொன்னது 'பேய்க்கொட்டில்'. மூங்கில் அடித்த சுவர், கூரைக்குக் கீழே இன்னொரு ஓலைக்கூரை, மூங்கிலாலேயே ஒரு மதுமேசை, அதற்கு முன்னால் மூன்று உயரக் கதிரைகள். பேத்தை மீனின் தோலை ஊதிக் காயவைத்து அதற்குள் விளக்கு. சுவரில் மாட்டிய படங்களில் சிவப்பு எரிமலைகளும் ஊதா வானமும், இடுப்பில் புல்லைக் கட்டிக்கொண்டு ஆடும் பெண்களும். எல்லாம் அவரே தீட்டியவை, கண்ணைக் குத்தும் நிறங்கள். டீக்கி என்று அதற்குப் பெயராம். அமெரிக்காவில் யாரோ பசிபிக் தீவுகளை நினைத்துக்கொண்டு கட்டிய குடிக்கடைப் பாணியாம், உலகமெங்கும் அதற்குப் பைத்தியங்கள் உண்டாம். புங்குடுதீவில் பிறந்த மனிதருக்கு இன்னொரு தீவு எதற்கு என்று அவள் ஒருமுறை கேட்டாள். "இது ஒருத்தரும் பிறக்காத தீவு, ராஜி. ஆரும் வரலாம்" என்றார்.

அவள் வரவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னர், கடைசி ஆணியை அடித்து முடித்த அன்று, பூப்போட்ட சட்டையுடன் வந்து அவளைக் கூப்பிட்டார். அவளுக்கென்று சாராயம் இல்லாமல் ஏதோ அன்னாசிப்பழத்தில் கலக்கி வைத்திருப்பதாகச் சொன்னார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவள், "இந்த மூஞ்சியளுக்கு முன்னால நான் இருக்கமாட்டன்" என்று சொல்லித் திரும்பிவிட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவளை அடிக்க ஆளில்லை. அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கராஜுக்கும் அவள் தொலைக்காட்சி நாடகத்துக்குமாகப் பிரிந்தார்கள். சண்டை என்று சொல்ல முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் கிற்றார் இழுபடும் சத்தமும், மாதத்தில் ஒரு சனிக்கிழமை கெவின் என்ற வெள்ளைக்காரனின் கூட்டம் சிரிக்கும் சத்தமும் கேட்கும். அவரும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்குள் அவர் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் கண்ணை மூடியதிலிருந்து அவளைக் குடைந்துகொண்டிருந்தது இதுதான். அந்த அறைக்குள் தனக்கு ஓரிடம் இருந்ததா, இல்லை, தன்னிடமிருந்து தப்பி ஒளியத்தான் அவர் அதைக் கட்டினாரா? இனிக் கேட்பதற்கு ஆளில்லை. தாதி நீட்டிய ரிஷூத் தாளை வாங்கி, கட்டிலடியில் நின்றபடியே நெற்றிப் பொட்டைத் தானாகவே துடைத்தாள். வேறு யாராவது வந்து அழிக்கும்வரை காத்திருக்க அவளுக்கு விருப்பமில்லை. பிறகு, கெவின் கூட்டத்துக்கு மட்டும் அறிவிக்க வேண்டாம் என்று மகனிடம் சொன்னாள். அவன் "ஓகே அம்மா" என்றான்.

சுபாங்கன் ஓவியத்துப் பெண்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். மதுமேசையை வெள்ளைச் சேலையால் மூடினான். ஓலைக்கூரையைக் கழற்ற நேரம் இருக்கவில்லை.

பத்து மணிக்குப் பெட்டி வந்தது. பட்டு வேட்டியும் சால்வையுமாக, நெற்றி நிறைய விபூதியோடு சிவபாலன் கிடந்தார். கிளென் வேவர்லியில் இருந்தும் ட்ருகனினாவில் இருந்தும் சனம் வந்து கார்ப்பாதையை நிறைத்தது. ஐயர் உள்ளே வந்ததும் அண்ணாந்து பார்த்தார். இராஜேஸ்வரி சிலையின் வேட்டி முடிச்சைப் பார்த்தாள்.

"மூங்கில் நட்டு, கிடுகு போட்டு, வெள்ளையும் கட்டியிருக்கிறியள்" என்றார் ஐயர். "இஞ்ச வந்து இருபது வருசத்தில இப்பிடி முறையா ஒரு செத்தவீட்டுப் பந்தல் நான் காணேல்லை. மகன்தானே போட்டவர்?"

சுபாங்கன் வாயைத் திறக்குமுன் இராஜேஸ்வரி, "ஓம் ஐயா" என்றுவிட்டாள்.

அது கிடுகல்ல, வன்பொருள் கடையில் சுருளாக விற்கும் பிளாஸ்டிக் ஓலை. ஆனால் செய்தி கார்ப்பாதைவரை பரவி, ஆள் மாறி ஆள் வந்து கூரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கோயில் தலைவர் மூங்கிலைத் தட்டிப் பார்த்து, எங்கே எடுத்தது என்று சுபாங்கனிடம் விசாரித்தார். வேட்டி கட்டிய சிலையின் காலடியில் யாரோ ஒரு ஊதுபத்தியும் கொளுத்தி வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் வேலியோரம் ஒன்பது வெள்ளைக்காரர்கள் வந்து நின்றார்கள். எல்லோரும் வெள்ளை உடுப்பு, கழுத்தில் ஊதா ஓர்கிட் மாலை. இராஜேஸ்வரி மகனைப் பார்த்தாள். அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான். அவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, தங்கள் கழுத்து மாலையைக் கழற்றிச் சிவபாலனின் மார்பில் வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். பிணத்துக்கு மாலை போடுவது இங்கே எல்லோரும் செய்வதுதானே, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சுண்ணம் இடிக்கும் சடங்கு முடிந்த நேரம், சிவபாலனின் தங்கை யோகா வந்து காதுக்குள் குனிந்தாள்.

"அண்ணி, தேத்தண்ணி ரெண்டு பிளாஸ்க் கொண்டந்தனான். கப் எல்லாத்தையும் என்ர வீட்டில குசினி மேசையிலயே விட்டிட்டன். இந்த மேசைக்குக் கீழ நிறையக் கோப்பை கிடக்கு. எடுக்கட்டே?"

செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் தேநீர்ப் பொறுப்பு யோகாவுடையது. இராஜேஸ்வரி பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள், தலைமாட்டில் பெண்கள் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். எதையென்று கேட்காமலே தலையை ஆட்டிவிட்டாள்.

கால்மணி நேரத்தில் கார்ப்பாதை முழுவதும் பேய்முகங்கள். பச்சையும் மண்ணிறமுமாக, முகம் வார்த்த, கைப்பிடி இல்லாத உயரமான பீங்கான் கோப்பைகளில் சனம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. சிவபாலன் இருபத்தாறு வருடம் கழிவறைப் பீங்கான் செய்யும் தொழிற்சாலையில் அச்சுப் பிரிவில் இருந்தவர். அது மூடப்பட்டதும், களிமண் கூழை அச்சில் ஊற்றும் அதே வித்தையில் இந்தக் கோப்பைகளைச் செய்யத் தொடங்கினார். கெவின் ஆட்கள் அதற்கு வரிசையில் நின்றார்கள். கக்கூஸ் செய்த கையால் செய்ததில் குடிக்கிறார்கள் என்று அவள்கூட ஒருநாள் கேலி செய்தாள்.

கோயில் தலைவரின் மனைவி கோப்பையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இராஜேஸ்வரியைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்துப் பெண்ணின் முழங்கையை இடித்தாள். அந்தப் பெண்ணும் பார்த்தாள், கோப்பையை ஒருமுறை, இவளை ஒருமுறை. இராஜேஸ்வரிக்குக் காது சுட்டது. செத்துக் கிடக்கிற மனிதனைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று ஆத்திரம் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கோப்பைகளுக்காகச் சண்டை பிடிக்கலாம் போலிருந்தது.

பெட்டியை மூடும் முன்னர் கெவின் அவளிடம் வந்தார். எழுபது வயதிருக்கும். கையில் தேநீர்க் கோப்பை. அவள் முகத்தைச் சற்று அதிகநேரம் பார்த்தார், பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "உங்களை இன்றைக்குத்தான் சந்திக்கிறேன். ஆனால் ஏழு வருடமாக எங்கள் முதல் கிளாஸ் உங்களோடுதான்." அவளுக்கு விளங்கவில்லை. துக்கத்தில் ஆட்கள் என்னவோ சொல்வார்கள் என்று நினைத்து, நன்றி சொன்னாள்.

ஸ்பிரிங்வேல் எரிசாலையில் சுபாங்கன் பொத்தானை அழுத்தினான். திரை மூடியது. அழ வேண்டிய இடத்தில் அவளுக்கு அழுகை வரவில்லை, பசித்தது. அதைக் குற்றமாகவும் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து தலைமுழுகி, யோகா கொண்டுவந்த மரக்கறிச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடிய நாலு மணி ஆயிற்று. சனம் கலைந்துவிட்டது. குசினியில் கோப்பைகள் குவிந்து கிடந்தன. நீங்கள் படுங்கோ என்ற யோகாவை அனுப்பிவிட்டு, இராஜேஸ்வரி தானே கழுவ நின்றாள். முதல் கோப்பையை எடுத்து நுரை பூசித் திருப்பினாள்.

இடது புருவம் மட்டும் மேலே ஏறியிருந்தது. உதட்டுக்குக் கீழே வலப்பக்கம் ஒரு மச்சம். மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. வாய், ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பப்போகிற வாய். அவள் யன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள், பிறகு கோப்பையைப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள், அதுவும் அவள்தான். பச்சை நிறத்தில் கோபமாக, மண்ணிறத்தில் கோபமாக, ஐம்பத்தேழு பேர். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஈரக் களியில் கம்பியால் கீறிய எழுத்து: ராஜி. பக்கத்தில் ஓர் இலக்கம்.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. அந்தப் பெண்கள் சிரித்தது அவரைப் பார்த்தல்ல. கெவினும் உளறவில்லை. ஏழு வருடம், மாதம் ஒரு சனிக்கிழமை, அந்தக் கூட்டத்தின் நடுவில் அவள் இருந்திருக்கிறாள், வரமாட்டேன் என்று சொன்ன அதே முகத்தோடு.

கோப்பையின் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு. தேநீர்க் கறையோ என்று பெருவிரலால் தேய்த்தாள். பஞ்சால் அழுத்தித் தேய்த்தாள். அது போகவில்லை. கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் வைத்துச் சுட்ட பொட்டு.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் சுபாங்கன் வந்து, தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டான். கையிலிருந்ததைத் துடைத்து அவனிடம் நீட்டினாள்.

"இதில விடு. சீனி வேண்டாம்."

கராஜில் ஊதுபத்திச் சாம்பலும் உதிர்ந்த ஓர்கிட் இதழ்களும் கிடந்தன. சிலை இன்னும் வேட்டியோடு நின்றது. இராஜேஸ்வரி மதுமேசையை மூடியிருந்த சேலையை உருவி மடித்து வைத்தாள். உயரக் கதிரைகளில் நடுவில் இருந்ததில், சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஒருவாறு ஏறி உட்கார்ந்தாள். கால் தரையில் முட்டவில்லை.

கோப்பையை மேசையில் வைத்தாள். முகம் அவளைப் பார்த்து இருந்தது. அதை மெதுவாகத் திருப்பி, மேசைக்கு அந்தப் பக்கம் அவர் நின்று கலக்கிக் கொடுக்கிற இடத்தைப் பார்க்க வைத்துவிட்டு, தேநீர் ஆறட்டும் என்று இருந்தாள்.