எல்லையில் ஒரு மடிப்பு

மைதானத்தின் வடமேற்கு மூலையில், ஏழெட்டு அடிக்கு மட்டும் புல் கணுக்கால் உயரம் நின்றது. மற்ற இடமெல்லாம் விரலகலம்கூட இல்லை.

"ஏம்ப்பா, ஆடு மேய்க்கிறதுக்கா விட்டு வச்சிருக்க?" என்றார் மேனேஜர். "சனிக்கிழமை மேட்ச்."

"மெஷின் அங்க போகாது சார்."

"ஏன் போகாது?"

"மேப் அப்படி."

ஆளில்லாமல் ஓடும் புல்வெட்டும் இயந்திரம் வந்தபோது, அதற்கு எல்லை காட்டியவள் என் மனைவி. இருவருக்கும் இங்கேதான் வேலை. செயற்கைக்கோள் கருவி பொருத்திய கம்பைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை ஒருமுறை சுற்றவேண்டும். நடந்த வழிதான் எல்லை. இயந்திரம் அதைத் தாண்டாது. அன்று நான் உள்ளே விதை தூவிக்கொண்டிருந்தேன். அந்த மூலையில் விளிம்பைவிட்டு விலகி என்னிடம் வந்தாள், கம்போடு.

"தண்ணி குடு."

"ரெக்கார்டிங் ஓடுது. நிறுத்திட்டு வா."

"ஓடட்டும். அது என்ன உனக்கு மாமனா மச்சானா, இப்படிப் பரிஞ்சு பேசுற?"

குடித்தாள். திரும்பிப் போனாள். அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்றாள்.

அடுத்த மாதம் அவளைக் காய்ச்சலென்று மருத்துவமனையில் சேர்த்தோம். ஆறு நாள். ஏழாம் நாள் அவள் இல்லை.

மேப்பில் எல்லை என்னை நோக்கி மடிந்து, திரும்பிப் போகிறது. நான் அதைத் தொடவில்லை. தினமும் காலையில், யாரும் வருமுன், அந்த மூலையைக் கத்தரியால் வெட்டிவந்தேன். முதுகு பிடித்து இரண்டு வாரம் படுத்துவிட்டேன். புல் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இன்னைக்கே புதுசா மேப் எடுத்துடு" என்றார் மேனேஜர்.

மோட்டார் பார்க்கும் அண்ணனிடம் போனேன். "நீங்க நடக்கிறீங்களா அண்ணே?"

"நானா? நான் நடந்தா அது நேரா கேன்டீனுக்குப் போய் நிக்கும்டா." சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவருக்கு அந்த மூலை தெரியும். "நீயே நடந்துடுப்பா. வேற ஆள் நடந்தா உனக்கு மனசு ஆறாது."

நடந்தேன். மூலையில் நேராகப் போனேன். சில நொடிதான்.

பழைய எல்லையை அழிக்கவா என்று திரை கேட்டது. ஒன்றைத்தான் அது வைத்துக்கொள்ளும். மேனேஜர் பின்னால் நின்றார். ஆம் என்பதைத் தொட்டேன்.

இயந்திரம் கிளம்பி அந்த மூலைக்கு வந்தது. அந்தப் புல்லில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளலாம் என்று பின்னாலேயே போனேன். வெட்டியதை அது அங்கேயே பொடியாக்கி மண்ணில் விட்டுவிடுகிறது. குனிந்து துழாவினேன். கைக்கு எதுவும் வரவில்லை.

"விழுந்து கிழுந்துட்டியா?" என்று அண்ணன் கத்தினார்.

"இல்லண்ணே" என்றேன்.