செல்லக்கிளி வாங்கிய மார்க்

தல்லாகுளத்தில், வீட்டில் அடிபட்டு வரும் பெண்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்தும் காப்பகத்தில் தமிழ்வாணி நர்ஸ். ஊசி போடுவதும் கட்டு மாற்றுவதும் அவளுக்கு ஒரு வேலையே இல்லை. ஒவ்வொருத்தியும் எவ்வளவு தேறியிருக்கிறாள் என்று வாராவாரம் மார்க் போடுவதுதான் தலைவலி. மார்க் ஏறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இறங்கினால் இங்கேயே இருக்கலாம்.

புருஷன் முறித்த மணிக்கட்டோடு சோழவந்தானிலிருந்து வந்த செல்லக்கிளி, எதற்கும் "சரிங்க" என்றாள். சாப்பிடச் சொன்னால் சரிங்க, படுக்கச் சொன்னால் சரிங்க. ஒத்துழைப்புக்கு முழு மார்க், அமைதிக்கு முழு மார்க். எலும்பு கூடுவதற்காகத்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். யாராவது கதவைத் திறந்தால் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். அதற்கெல்லாம் மார்க் கிடையாது.

கட்டுப் பிரித்த வாரம் கோளாறு ஆரம்பித்தது. "என்னக்கா இது, சாம்பார்ல உப்பே இல்ல?" என்றாள் செல்லக்கிளி. கைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவரிடம், "கேக்காம கையப் பிடிக்காதீங்க" என்று முறைத்தாள். தமிழ்வாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விதிப்படி மார்க்கையும் குறைத்தாள்.

பெரிய டாக்டர் சூர்யபிரகாஷ் குதித்தார்.

"வந்தப்ப தங்கமா இருந்த பொண்ணும்மா! என்ன பண்ணிக் கெடுத்து வச்சீங்க?"

நிதி கொடுப்பவர்களுக்குக் காட்ட, குணமாகி வீடு திரும்பிய ஒருத்தி அவருக்கு அவசரமாக வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை தானே மார்க் போடுவதாகச் சொல்லிவிட்டார்.

குடும்பத்தோடு உட்கார வைத்துக் கேட்பதுதான் அங்கே வழக்கம். புருஷன் கருத்தக்கண்ணன் வெள்ளை வேட்டியும் திருநீறுமாக வந்து, டாக்டருக்கென்று ஒரு கட்டு வெற்றிலையை மேஜையில் வைத்தான். நாற்காலியை இழுத்துப் பெண்டாட்டியை ஒட்டிப் போட்டுக்கொண்டான். செல்லக்கிளியின் தலை குனிந்தது.

"நல்லாத் தூங்குறாங்களா?"

"நல்லாத் தூங்குவா சார்" என்று கருத்தக்கண்ணன் முந்திக்கொண்டான்.

"பயம் ஏதும்?"

"எங்கிட்ட என்ன சார் பயம்?"

டாக்டர் முழு மார்க்காகப் போட்டுக்கொண்டே போனார். தமிழ்வாணிக்குப் பொறுக்கவில்லை.

"சார், மார்க் அவளுக்கா, அவருக்கா?"

டாக்டர் பேனா நின்றது. செல்லக்கிளி நிமிர்ந்தாள்.

"அக்கா, இந்தாளு நாற்காலியத் தள்ளிப் போடச் சொல்லுங்க. நான் இவரோட போமாட்டேன்."

"ஏம்மா, இம்புட்டுத் தூரம் வந்தவர..."

"போமாட்டேன்னா போமாட்டேன்! நீங்க வேணா போங்க சார், வெத்தலைய வாங்கிக்கிட்டீங்கள்ல."

டாக்டர் முகம் சிவந்தது. ஒத்துழைப்பு பூஜ்யம். அமைதி பூஜ்யம். கூட்டிப் பார்த்துவிட்டு மிகுந்த வருத்தத்தோடு கருத்தக்கண்ணனிடம் சொன்னார்: "மன்னிக்கணும். உங்க வீட்டம்மா இன்னும் குணமாகல. இந்த நெலமையில அனுப்ப முடியாது."

அவன் வெற்றிலைக் கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். வண்டிச் சத்தம் ஓய்கிறவரைக்கும் தமிழ்வாணி வாசலிலேயே நின்றாள்.

உள்ளே வந்தபோது செல்லக்கிளி இரண்டாவது தடவை சோறு வாங்கியிருந்தாள்.

"அக்கா, இன்னைக்கும் உப்பு இல்ல!"

தமிழ்வாணி அதற்கும் ஒரு மார்க்கைக் குறைத்துவிட்டு, உப்பு எடுத்துவர அடுப்படிக்கு ஓடினாள்.