விதைக்காயும் கல்லும்

எனக்கு வாய் நீளம். அதை என் வீட்டுக்காரர் யூஜின் சொல்லிக் காட்டாத நாளில்லை. அந்த வாயால்தான் இப்போது வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

கருவடிக்குப்பத்தில் எங்களுக்கு அரைக் காணி காய்கறித் தோட்டம். வரப்புக்கு அந்தப் பக்கம் அஞ்சலாட்சி அக்காவின் துண்டு நிலம். கிணறு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். குடிதண்ணீருக்குத் தெருவே அங்கே வரும். சித்திரை பிறந்தால் கத்தரி, வெண்டை, புடல் எல்லாம் ஒரே மூச்சில் காய்க்கும். துரை வீட்டுச் சமையல் பார்க்கும் குசினிக்காரர்கள் காய் வாங்க வருவதற்குள் கூடை பெரிய கடைச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும்.

புடலம்பிஞ்சு வளையாமல் நீளட்டும் என்று நுனியில் கல் கட்டுவோம். நல்ல காய் ஒன்றை மட்டும் பறிக்காமல், கல்லை அவிழ்த்துவிட்டு, காம்பில் சிவப்புத் துணி கட்டிப் பழுக்க விடுவோம். அடுத்த வருஷத்து விதை அதில்தான்.

போன வெள்ளிக்கிழமை விதைக்காயைக் காணோம். முந்தின நாள் அக்கா பந்தலடியில் நின்று, "என்னமா நீண்டிருக்குது மேரி" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், கிணற்றடிக்கு ஓடினேன். ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அக்காவும் நின்றாள்.

"ஏண்டி, விதை வேணும்னா வாயத் தொறந்து கேக்கறதுதானே? திருட்டுத்தனமா அறுத்துக்கினு போவியா?"

அக்கா குடத்தைக் கீழே வைத்தாள். "நான் எடுக்கல மேரி."

"கொமிசேர்கிட்ட சொல்றேன். போலீசு வந்து உன் வீட்டைக் கிளறட்டும், அப்பத் தெரியும்."

அவள் வெறுங்குடத்தோடு திரும்பிப் போனாள். நான் விடவில்லை, அவள் முதுகு மறைகிற வரைக்கும் கத்தினேன்.

திங்கட்கிழமை பந்தலடி வாய்க்கால் அடைத்துக்கொண்டதென்று மண்வெட்டியால் சேற்றை இழுத்தேன். சேற்றுக்குள் காய் சிவந்து வெடித்துக் கிடந்தது. காம்பில் என் துணி. நுனியில் கல். பறிப்பு அவசரத்தில் நானே அவிழ்க்க மறந்த கல். பழுத்த காயை அந்தக் கனம்தான் இழுத்துப் போட்டிருக்கிறது. மாதாவே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பழத்தை மடியில் கட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டினேன். அக்காவின் புடலம்பந்தல் வெறும் கழிகளாக நின்றது. காய்த்துத் தொங்கிய கொடிகளை வேரோடு பிடுங்கி ஓரமாகக் குவித்திருந்தாள். பிஞ்சுகள் கட்டிய கல்லோடு வாடிக் கிடந்தன.

"என்னாக்கா இது?"

"இனிமே இங்க புடலங்கா தொங்கினா உன் விதைன்னுதானே சொல்லுவாங்க. அதான்."

மடியை அவிழ்த்துக் காட்டினேன். "தப்பு என்னுதுக்கா. பாதி விதை உனக்கு" என்று அழுதேன். காலில் விழப் போனேன், நகர்ந்துகொண்டாள்.

"விதை வேணாம். கெணத்தாண்ட எல்லார் எதிர்லயும் திருடின்னு சொன்னல்ல? அங்கயே வந்து இதையும் சொல்லு. அது போதும்."

"நாளைக்கே சொல்றேன்க்கா."

இன்று வியாழக்கிழமை. மூன்று நாளாக, பெண்கள் எல்லோரும் போன பிறகு உச்சி வெயிலில்தான் தண்ணீருக்குப் போகிறேன். அக்காவின் பந்தல் பக்கம் திரும்பாமல் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுகிறேன்.